வழி எழுதிய மூலை

ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் முதலில் கற்றுக்கொண்டது ஊசி போடுவதையோ கட்டுக் கட்டுவதையோ அல்ல. ஓர் ஆளிடம் பெயர் கேட்பதை. அது நினைத்த அளவுக்கு லேசான காரியமாக இருக்கவில்லை.

தேவர்சோலையைத் தாண்டி, கேரள எல்லைக்குப் போகும் சாலையில் இருந்த ஓட்டுக்கட்டடம்தான் ஆஸ்பத்திரி. டாக்டர் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். கல்யாணம் காட்சி என்று எதிலும் இறங்காமல் இந்த மலைக்கு வந்து தங்கிவிட்டவர். எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா. சுற்றியிருந்த வயலோரங்களிலும் காட்டோரங்களிலும் பணியர் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புகள், குடிகள் என்பார்கள், இருந்தன. காய்ச்சல், கைகால் குடைச்சல், மஞ்சள் பாய்ந்த கண் என்று அங்கிருந்து வருவார்கள். ஒரு தடவை ஒரு பெயர் சொன்னவர்கள் அடுத்த தடவை வேறு பெயர் சொல்வார்கள். ஒரே குடியில் ஒரே பெயரில் நாலைந்து பெண்கள் இருப்பார்கள். புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். வயது கேட்டால் சிரிப்பார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஒரே பெண் மூன்று பேராக இருந்தாள். மூன்று பெண்கள் ஒருத்தியாக இருந்தார்கள்.

அந்தக் குழப்பத்தில் ஒரு கர்ப்பிணி இறந்துபோயிருந்தாள். நான் சேருவதற்கு முன்னால் நடந்தது அது. முந்தைய மழைக்காலத்தில் ரத்தம் வற்றி வந்து படுத்தவள் அவள்தான் என்பது, அவள் உடலைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் அதற்குப் பிறகு கெட்டி அட்டைகளை வாங்கிவந்து கார்டு போட ஆரம்பித்தார்.

ஓர் அடுப்புக்கு ஒரு கார்டு. அந்த அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் யார் யார், அவர்களில் பெண்கள் எந்தக் குடியில் பிறந்து வந்தவர்கள், எந்தக் குழந்தை எப்படிச் செத்தது, யாருக்கு என்ன தடுப்பூசி, யார் பிள்ளையுண்டாகியிருக்கிறாள், என்ன ரத்த வகை. வலது பக்க மேல்மூலையில் வீட்டுக்குப் போகும் வழி. கதவிலக்கம் எதுவும் இல்லாத ஊரில் வேறு எப்படி எழுதுவது? ‘ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறினால் பலாமரம், அதன் பின்னால்’ என்பதுபோல எழுதி வைப்போம். காய்ச்சல்காரக் குழந்தைக்கு மருந்து தீர்ந்துபோனால் யார் வேண்டுமானாலும் அந்த மூலையைப் பார்த்து நேராகப் போய்விடலாம்.

அந்த மக்களில் சிலருக்கு ரத்தத்திலேயே ஒரு கோளாறு வழிவழியாக வந்துகொண்டிருந்தது. உருண்டையாக இருக்கவேண்டிய ரத்த அணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும். குளிர், நனைதல், பட்டினி, பிள்ளைப்பேறு, எது வந்தாலும் வளைந்த அணுக்கள் அடைத்துக்கொண்டு எலும்பெல்லாம் நொறுங்குவதுபோல வலிக்கும். நாங்கள் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டுக்குள் காற்றுப் புகாமல் அடைத்து, மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். கோளாறு இருந்தால் அந்தக் கார்டில் சிவப்பு நூல் கோத்துவிடுவார் டாக்டரம்மா. எத்தனை பரபரப்பிலும் அந்த நூல் கண்ணில் படாமல் போகாது.

எனக்கு இந்த வேலை கிடைத்ததற்குக் காரணம், இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக் கொடுத்துக்கொண்டு இருந்தேன் என்பதுதான். தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே வளர்ந்து, ஒரு நாள், காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில், இந்தியாவுக்குப் போகவேண்டியவர்கள் என்று பெயர் வாசிக்கப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் கிடந்த பிறகு, எங்களைப்போலத் திரும்பி வந்தவர்களுக்காகத் தொடங்கியிருந்த புதுத் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்தது. காட்டை வெட்டிச் சரிவைத் திருத்தித் தேயிலை நாற்று நட்டுக்கொண்டு இருந்தார்கள். வரிசை வீடுகளான லயம் புதிது, சுவரில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. எங்கள் சித்தி குடும்பம் இன்னும் மண்டபத்திலேயே, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டு இருந்தது.

எங்கள் லயத்துக்கு எதிரே, ஓடைக்கு அப்பால் இருந்த சரிவில் ஒரு பணியர் குடி இருந்தது. அதற்குக் கார்டு போடும் பொறுப்பை டாக்டரம்மா என்னிடம் விட்டார்.

அந்தக் குடியின் தலைவரான மூப்பன் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். நான் போனதும் எழுந்து நிற்பார், உட்காரச் சொல்வார், ஆனால் பென்சிலை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“எழுதண்டா மோளே,” என்றார் முதல் நாளே. “ஞங்களெ எழுதினவனெல்லாம் பின்னெ ஞங்களெ ஓட்டினவன்தான். காட்டாபீசு எழுதிச்சு, குடிசெ போச்சு. நெலத்துக்கார ஜென்மி எழுதினான், ஞான் அவனுக்குப் பணியாளு ஆயி.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்களையும் எழுதித்தான் ஓட்டினார்கள். அதைச் சொன்னேன். எங்கள் தோட்டத்தில் பெயர் வாசித்தது, அம்மா மண்ணைக் கட்டிக்கொண்டு அழுதது எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அப்ப நீயும் எழுதறெ?” என்றார்.

“இது ஆஸ்பத்திரி அலமாரிய விட்டு வெளிய போகாது. சாவி டாக்டரம்மாகிட்ட இருக்கும்.”

அவர் ஒத்துக்கொண்டது என் வார்த்தைக்காக இல்லை. அவருடைய மகன் கட்டிக்கொண்டு வந்த பெண் அப்போது இரண்டாவது தடவையாகப் பிள்ளையுண்டாகியிருந்தாள். முதல் குழந்தை வயிற்றிலேயே செத்துப் பிறந்திருந்தது. குச்சிபோலக் கையும் காலும், மஞ்சளோடிய பெரிய கண்களும் உள்ளவள். நானும் மூப்பனும் பேசிக்கொண்டு இருக்கையில் அவளாகவே வந்து என் முன்னால் உட்கார்ந்து விரலை நீட்டினாள்.

“குத்து சேச்சி. எனக்குத் தெரியணும்.”

மறுநாள் அவள் வீட்டுக் கார்டில் சிவப்பு நூல் ஏறியது. டாக்டரம்மா அவளை வரவழைத்து, வலி எடுக்கும் முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், நனையக்கூடாது, பிரசவத்தின்போது ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்று விளக்கினார். அவளுடைய ரத்த வகைக்குப் பொருந்தக்கூடிய ஆட்களை எங்கள் லயத்திலேயே தேடிப் பரிசோதித்துக் குறித்து வைத்தோம். அந்தக் குடி முழுக்கக் கார்டு போட்டு முடித்தேன். அவள் நாள் நெருங்கிக்கொண்டு இருந்தது. மழையும் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் ஜீப் வந்தது.

டாக்டரம்மா மருந்துக்காக ஊட்டி போயிருந்தார். அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். புதுத் தோட்டத்தின் வெளிவேலைகளைப் பார்க்கும் அதிகாரி, எங்கள் அப்பாவுக்கு மேலே மேஸ்திரி, அவருக்கு மேலே இவர், தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறிக்கொண்டே உள்ளே வந்தார்.

“ஏம்மா, நீ நம்ம லயத்துப் பொண்ணுதானே?”

“ஆமாங்க சார்.”

“நல்லதாப் போச்சு. குடி குடியா ஆள் கணக்கு எடுத்து வச்சிருக்கீங்களாமே? வீட்டுக்குப் போற வழி முதக்கொண்டு இருக்குதாம். ஓடைக்கு அந்தப்பக்கக் குடிக்கு உள்ளது எனக்கு வேணும்.”

“எதுக்குங்க சார்?”

“அந்தச் சரிவு பூரா அடுத்து நாத்து நடணும். எத்தனை குடிசை, எத்தனை தலைன்னு தெரியாம ஆளுங்களை எப்படி நகர்த்துறது? என் ஆளுங்களை அனுப்பினா காட்டுக்குள்ள ஓடிர்றாங்க. உங்களைப் பார்த்தா ஓடறதில்லையே.”

அவர் மிரட்டவில்லை. அடுத்த வீட்டில் அரிவாள்மணை கேட்கிறவர்போலத்தான் கேட்டார்.

“அது வைத்திய விவரங்க சார். டாக்டரம்மா வந்தாத்தான் சொல்ல முடியும்.”

“நோய் விவரம் எனக்கெதுக்கு? பேரும் எடமும் போதும். அலமாரியத் திற, நானே பார்த்து எழுதிக்கிறேன்.”

“சாவி என்கிட்ட இருக்குது சார். ஆனா திறக்கமாட்டேன்.”

இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “இத்தனை வேலையும் யாருக்காக நடக்குது? உங்க ஆளுங்களுக்காகத்தான். மண்டபத்துல இன்னும் எத்தனை குடும்பம் லயத்துக்குக் காத்துக்கிட்டு இருக்குன்னு உனக்கே தெரியும். சரிவு கிடைச்சாத்தான் லயம் கட்ட முடியும். யோசிச்சுக்க. நாளைக்குத் தாலுக்காவுல இருந்து எழுத்து வாங்கிட்டு வர்றேன்.”

ஜீப் போன பிறகு சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். முடிச்சு அவிழ்ந்துவிட்டதோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியேதான் அன்று முழுதும் வேலை செய்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போவதற்குள் விஷயம் லயத்துக்கு வந்துவிட்டிருந்தது. அப்பா அடுப்புப் பக்கத்தில் குந்தியிருந்தார். முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

“குடுத்துட்டா என்னா புள்ள? நம்ம கையிலயா இருக்கு? நாம குடுக்காட்டி அவங்க வேற வழி பார்த்துக்குவாங்க.”

“வேற வழி பார்க்கட்டும்ப்பா.”

“ஒனக்கென்னா, சொல்லிப்புடுவ. இந்த லயத்துக் காம்பரா அவங்க குடுத்தது. நாளைக்கே காலி பண்ணுன்னா எங்க போறது? என்னால இன்னொரு தடவ கப்பலேற முடியாது.”

அவர் குரல் உடைந்துவிட்டது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை, கப்பலில்கூட. எனக்கு ஆத்திரமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. சித்தியின் முகம், அவள் பிள்ளைகள் முகாமில் தட்டோடு வரிசையில் நிற்பது, எல்லாம் கண்ணுக்குள் வந்தது. அதிகாரி சொன்னபடி செய்தால் அவர்களுக்கு ஒரு காம்பரா சீக்கிரம் கிடைக்கலாம். அது பொய்யான ஆசை இல்லை.

அம்மா ரொட்டி தட்டிக்கொண்டு இருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்: “அங்க நம்ம பேர யாரு எழுதிக் குடுத்தது? பெரிய கிளாக்கருதான். அவரும் தமிழாளுதான், நம்ம கோயில்ல தேங்கா ஒடைச்சவருதான். அவரும் இப்படித்தான் சொல்லியிருப்பாரு, நான் குடுக்காட்டி வேற யாராச்சும் குடுப்பாங்கன்னு.”

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் டாக்டரம்மா வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அதிகாரியும் வந்துவிட்டார். கையில் காகிதம் இருந்தது. டாக்டரம்மா அதை வாசித்துவிட்டு, மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“இதுல ‘ஒத்துழைப்பு தரவும்’னுதானுங்க போட்டிருக்குது. தர்றேன். அந்தக் குடியில எத்தனை பேரு, எத்தனை குழந்தைங்க, எத்தனை பேருக்கு நோய் இருக்குதுன்னு மொத்தக் கணக்கா எழுதித் தர்றேன். அத்தனை நோயாளிகளை மழையில நகர்த்துனா என்னாகும்னும் கூடவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேனுங்க. பேரும் வழியும் தரமாட்டேன்.”

“இது அரசாங்க விஷயம் டாக்டர்.”

“அவங்க விரலை எங்கிட்ட நீட்டுனது வைத்தியத்துக்குங்க. அதை வச்சு அவங்களைப் பிடிச்சா, நாளைக்கு எந்தப் பொம்பளையும் இந்தப் படியேற மாட்டா. செத்தாலும் வரமாட்டா.”

“அப்போ மேலிடத்துல பேசிக்கிறேன்.”

“பேசுங்க.”

அவர் போனதும் டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “ஏங்கண்ணு, பயந்துட்டயா?” என்று என்னைக் கேட்டார். தலைப்பு முடிச்சை அவிழ்த்துச் சாவியை அவரிடம் நீட்டினேன்.

கார்டு காப்பாற்றப்பட்டுவிட்டது என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாளும் ஜீப் நின்றதை வயலில் வேலை செய்துகொண்டு இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அதற்கடுத்த நாள் அந்தப் பெண்ணைப் பார்த்துவரலாமென்று ஓடையைத் தாண்டி ஏறினேன். குடியில் ஆளே இல்லை. அடுப்புச் சாம்பல் நனைந்து குழம்பாகியிருந்தது. ஒரு குடிசைக்குள் கோழி அடைகாத்துக்கொண்டு இருந்தது. அதைக்கூட விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மழை ஓலைமேல் விழும் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. “யாராச்சும் இருக்கீங்களா?” என்று கத்தினேன். என் குரலே எனக்குப் பயமாக இருந்தது.

மூச்சிரைக்க ஓடிவந்து டாக்டரம்மாவிடம் சொன்னேன். இந்த மழையில் நனைந்தபடி நிறைமாதக்காரி நடந்திருக்கிறாள். அவர் உடனே அலமாரியைத் திறந்து அவள் வீட்டுக் கார்டை எடுத்தார். பிறந்த குடி எதுவென்று அதில் இருந்தது. எல்லையைத் தாண்டி, வயநாட்டுப் பக்கம், ஆற்றோரத்தில் ஒரு குடி. இந்த நோய் தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் வருவதால்தான் அதையெல்லாம் கேட்டு எழுதியிருந்தோம்.

“அங்கதான் போயிருப்பாங்க,” என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டு, அந்தக் குடியின் கார்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, ரப்பர் ஷீட்டில் சுற்றி என்னிடம் கொடுத்தார். “இதைக் கொண்டுபோய் அவங்க கையிலயே குடுத்திரு. நம்ம அலமாரியில இருக்கிற வரைக்கும் அவங்க நம்மளை நம்பமாட்டாங்க. நான் இங்க எல்லாம் தயார் பண்ணி வைக்கிறேன். நீ அவளைக் கூட்டிட்டு வா.”

ஆஸ்பத்திரி வண்டியின் டிரைவர் மேட்டுப்பாளையத்துக்காரர். எல்லைச் சாவடியைத் தாண்டி, சேறும் பள்ளமுமான பாதையில் முடிந்தவரை ஓட்டினார். ஒரு வளைவில் சக்கரம் சுழன்றுகொண்டே நின்றுவிட்டது.

“ஏனுங்க சிஸ்டர், இதுக்கு மேல வண்டி போவாதுங்க. காலையில யானை இறங்கியிருக்குதுங்க, அங்க பாருங்க.” சேற்றில் தடம் புதிதாக இருந்தது, தண்ணீர்கூட இன்னும் முழுதாக நிரம்பவில்லை.

“நான் நடந்து போறேன். வண்டியத் திருப்பி வச்சுருங்க.”

“தனியாவா? நல்லாச் சொன்னீங்க போங்க,” என்று சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பி நிறுத்தி, குடையை எடுத்துக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார். மூங்கில் புதர் ஒவ்வொன்றையும் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஆறு சிவப்பாக ஓடிக்கொண்டு இருந்தது. அதன்மேல் போட்டிருந்த மூங்கில் பாலத்தில், கார்டுக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி போனேன்.

குடிக்குள் நுழைந்ததும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். யாரும் வா என்று சொல்லவில்லை. மூப்பன் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார்.

“கொடுத்தெ அல்லெ?” என்றார். “அலமாரி விட்டுப் போவாதுன்னு பறஞ்செ. ஜீப்புக்காரனுக்குக் கொடுத்தெ.”

“குடுக்கல மூப்பா. யாருக்கும் குடுக்கல. எல்லாம் இங்க இருக்கு.”

ரப்பர் ஷீட்டைப் பிரித்துக் கார்டுக் கட்டை அவர் காலடியில் வைத்தேன். குடிசைக்குள்ளிருந்து முனகல் கேட்டது. என் கால்கள் அந்தப் பக்கம் போனபோது இரண்டு பேர் குறுக்கே நின்றார்கள்.

“முதல்லெ படி,” என்றார் மூப்பன். “என்னத்தெப் பத்தி எழுதிருக்கெ? படி.”

“அவளுக்கு வலி எடுத்திருச்சு போல. அவளப் பார்த்துட்டு...”

“படி.”

அவர் வீட்டுக் கார்டை எடுத்து உரக்க வாசித்தேன். அவர் பெயர், அவர் மனைவியின் பெயர், செத்துப்போன பிள்ளைகளின் பெயர்கள், அவர்களுக்கு வந்த காய்ச்சல், மருமகளின் பெயர், அவள் வயிற்றில் செத்த குழந்தை. செத்தவர்களின் பெயர் வந்தபோது பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். மூப்பன் அசையவில்லை. வாசித்து முடித்ததும் குனிந்து, மேல்மூலையில் விரலை வைத்தார். எழுத்துத் தெரியாதவர், ஆனால் அந்த மூலையை நான் வாசிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

“இது என்னது?”

“உங்க வீட்டுக்கு வர்ற வழி.”

“அதெத்தான் அவன் கேட்டான், அல்லெ?”

“ஆமா.”

“கீறு.”

டாக்டரம்மா சொல்லாத காரியம் அது. வழி இல்லாமல் போனால், ராத்திரி ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் எப்படித் தேடிப் போவோம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. ஆனால் அது அவர்களுடைய வழி. மூலையைக் கிழித்தேன். அடுத்த கார்டை எடுத்துக் கிழித்தேன். கெட்டி அட்டை, ஈரக்கையில் வழுக்கியது. கார்டுக் கட்டில் பாதிகூட முடியவில்லை. அப்போது அந்தப் பெண் குடிசை வாசலுக்கு வந்துவிட்டாள். இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிக்கொண்டு இருந்தார்கள். உதடு நிறமில்லாமல் இருந்தது.

“கடலாசு பின்னெ கீறலாம்,” என்றாள். மூச்சு விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. “என்னெக் கொண்டு போ சேச்சி. எலும்பெல்லாம் பொட்டுது. இந்தப் பிள்ளையும் போனா ஞானும் போவேன்.”

மூப்பன் அவளைப் பார்த்து ஏதோ சொன்னார், எனக்குப் புரியாத அவர்களுடைய பேச்சில். அவளும் சொன்னாள், தாழ்ந்த குரல், ஆனால் விட்டுக்கொடுக்காத குரல். அவள் புருஷன் அதுவரை ஓர் ஓரத்தில் நின்றுகொண்டு இருந்தவன். தகப்பனைப் பார்க்காமல் உள்ளே போய்க் கம்பளியை எடுத்துவந்து இரண்டு மூங்கில்களில் கட்ட ஆரம்பித்தான். அதோடு பேச்சு நின்றது. மூப்பன் ஒதுங்கி நின்றார்.

தூளிபோலக் கட்டி அவளைச் சுமந்துகொண்டு ஆற்றைக் கடந்தார்கள். நான் அவள் கையைப் பிடித்தபடி நடந்தேன். டிரைவர் குடையை அவள் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டே வந்தார், தான் தொப்பலாக நனைந்தபடி. சேற்றில் நின்ற வண்டியைச் சுமந்து வந்தவர்களே தள்ளி ஏற்றினார்கள். யானை வந்த பாதை என்று ஒருவருக்கும் நினைவிருக்கவில்லை. வழியெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளே தவிர, கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா காத்துக்கொண்டு இருந்தார். சூடுபண்ணிய போர்வை, குளுக்கோஸ் பாட்டில், எல்லாம் தயாராக இருந்தது. அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “ரத்தம் ஏத்தியே ஆகணும். லயத்துக்கு ஆள் அனுப்பு,” என்றார்.

நானே ஓடினேன். பொருந்தும் ரத்தம் உள்ளவர்கள் யார் என்று கார்டு போட்டபோதே குறித்திருந்ததால் வீடு வீடாக அலைய வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஜீப் வந்துபோன பிறகு, ஓடைக்கு அப்பால் இருந்த பெண்ணுக்காக யார் வருவார்கள்? எங்களோடு ஒரே கப்பலில் வந்தவர் ஒருவர், தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டு இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி, “ரத்தம் குடுத்துட்டா மனுசன் வேலைக்குப் போக ஏலுமா? அதிகாரி பார்த்தா என்னா சொல்லுவாரு?” என்று மறித்தாள். அவர் கத்தியைக் கீழே வைத்தார். “என்னா சொல்லுவாரு? ரத்தத்தத் திருப்பி எடுன்னா சொல்லுவாரு?” என்று சட்டையை மாட்டிக்கொண்டார். அடுத்த வரிசையிலிருந்து இன்னொருவரும் வந்தார். அப்பாவின் ரத்தமும் பொருந்தும். அவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்தார். அவரை நான் கூப்பிடவில்லை. நாங்கள் பாதி தூரம் போனபோது திரும்பிப் பார்த்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டு இருந்தார். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் வரவில்லை. மற்ற இருவரும் கொடுத்துவிட்டு வெளியே வரும் வரைக்கும் மழையில் நின்றார். பிறகு அவர்களைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் அளவு. முதலில் அழவில்லை. டாக்டரம்மா அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே, “அழு சாமி, அழு கண்ணு,” என்று கெஞ்சிக்கொண்டு இருந்தார். பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வந்ததும் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். தாய்க்குக் காய்ச்சல் அடங்க நாளாயிற்று. ஆனால் இருவரும் பிழைத்தார்கள்.

மற்றவை நாங்கள் நினைத்தபடி நடக்கவில்லை. அந்தச் சரிவை எங்கள் கார்டு இல்லாமலேயே எடுத்துக்கொண்டார்கள். குடி காலியாகத்தானே கிடந்தது. யாரையும் நகர்த்த வேண்டிய வேலைகூட இருக்கவில்லை. மழை ஓய்ந்ததும் நாற்று நட்டார்கள். அப்பாவை வெளியேற்றவில்லை, தூரத்துப் பிரிவுக்கு மாற்றினார்கள், தினமும் மலையேறி இறங்க வேண்டியிருந்தது. சித்தி குடும்பத்துக்கு வேறு மாவட்டத்தில்தான் இடம் கிடைத்தது.

போனவர்களில் சிலர் திரும்பி வந்து ஓடைக்குக் கீழே, சதுப்போரத்தில் குடிசை போட்டுக்கொண்டார்கள். கார்டுகள் அவர்களிடமே இருந்தன; கூரைக்கடியில் செருகி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் எண் மட்டும் போட்ட ஒரு பிரதியை வைத்துக்கொண்டோம். நோயும் மருந்தும் இருக்கும். பெயரும் வழியும் இருக்காது. வருகிறவர்கள் கார்டை எடுத்துக்கொண்டு வருவார்கள், எண்ணை வைத்துப் பார்ப்போம். எங்களுக்கு இரட்டை வேலை. சில கார்டுகள் கரையான் தின்று போயின. வழி தெரியாமல் நான் அலைந்த நாட்களும் உண்டு. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: அதற்குப் பிறகு, நாங்கள் போகாத குடிகளிலிருந்துகூடப் பெண்கள் தாங்களாகவே வந்து கார்டு கேட்டார்கள். அந்தப் பெண்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருவாள். இடுப்பில் குழந்தையோடு முன்னால் உட்கார்ந்துகொண்டு, “விரலு நீட்டு, ஒரு எறும்பு கடிதான்,” என்று அவர்களுக்குச் சொல்வாள். எதை எழுத வேண்டும், எதை எழுத வேண்டாம் என்று எனக்கும் சொல்வாள்.

மூப்பன் என்னோடு பழையபடி பேசவில்லை. பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவார். நான் மருந்தை நீட்டினால் வாங்கமாட்டார். டாக்டரம்மா கையால்தான் வாங்குவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“இன்னும் என்மேல கோவமா மூப்பா?”

அவர் குழந்தையைத் தோளில் சரிசெய்துகொண்டு வெளியே பார்த்தார். அவர்களுடைய குடி இருந்த எதிர்ச்சரிவில் ஆட்கள் நாற்றுக்கு நிழல் கட்டிக்கொண்டு இருந்தார்கள். எங்கள் லயத்து ஆட்கள்.

“நின்மேல எந்துக்குக் கோபம்?” என்றார். “நீ நல்ல குட்டிதான். ஆனா நீ தாமசிக்கிறது அவுடெ, ஆ லயத்துலெ, அல்லெ?”

சொல்லிவிட்டு மழை வருவதற்குள் போய்ச் சேரவேண்டுமென்று குழந்தையின் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.